பசித்த சேவல் கூவிய சீமை

சென்ற மாதம் ஒரு சாயங்காலம் என் நண்பர் ஒருவர் கையில் வழவழப்பான புத்தகம் ஒன்றுடன் வந்து சேர்ந்தார். பாங்கியில் முப்பது வருஷம் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். எந்தக் காகிதம் கைக்கு வந்தாலும் முதலில் அடியில் இருக்கும் தொகையைத்தான் படிப்பார். அவருடைய மகளும் மாப்பிள்ளையும் இத்தாலி தேசத்துக்குப் போய்விட்டு வந்திருந்தார்கள். அந்தப் பிரயாணத்துக்கு ஏற்பாடு செய்த கம்பெனியார் கொடுத்த படப் புத்தகம் அது.

"படித்துப் பாரும், ஐயா! மனிதர்கள் எதற்கெல்லாம் பணம் கொடுக்கிறார்கள் என்று தெரியும்" என்றார்.

படித்தேன். டஸ்கனி மாகாணத்தில் கியாந்தி என்ற மலைச்சாரல். இலையுதிர் காலத்தில் திராட்சை அறுவடை நடக்கும் சமயம் ஏழு நாள் வாசம். ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வண்டி ஓடாது. அவசரம் என்ற சொல்லுக்கே அங்கே இடமில்லை. பழைய கல் வீடு ஒன்றில் தங்கலாம்; கொடிப் பந்தலின் கீழ் காலை ஆகாரம் சாப்பிடலாம்; கோயில் மணியோசையைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்கலாம். விரும்பினால், தனிக் கட்டணம் செலுத்தி, ஒரு கூடை திராட்சைக் குலைகளைத் தாமே கத்தரித்துப் பறிக்கலாம்.

"ஏழு நாள் சும்மா உட்கார்ந்திருப்பதற்கா இத்தனை பணம்? என் வீட்டுத் திண்ணையில் ஏழு வருஷம் உட்காரச் சொல்லும், காலணா கேட்கமாட்டேன்!" என்றார் நண்பர். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "அது போகட்டும். பழம் பறிக்கக் கட்டணமாம்! பறிக்கிறவனுக்கு அல்லவா கூலி கொடுக்க வேண்டும்?" என்று கேட்டார்.

அந்தப் புத்தகத்தில் ஒரு படுக்கையறையின் படம் இருந்தது. வெள்ளை விரிப்பு, சாளரத்துக்கு வெளியே குன்றுகள், தலைமாட்டுச் சுவரில் பதித்த ஓர் இரும்பு வளையம். அந்த வளையத்தில் உலர்ந்த பூங்கொத்து ஒன்றைச் செருகித் தொங்கவிட்டிருந்தார்கள். "இந்த வளையம் எதற்கு?" என்றும் நண்பர் கேட்டார். அவருடைய இரண்டு கேள்விகளுக்கும் அன்று நான் பதில் சொல்லவில்லை. பதில் இரண்டு வார்த்தையில் அடங்குவதல்ல. ஆறு நூற்றாண்டுச் சரித்திரம் அந்த வளையத்தில் கட்டுண்டு கிடக்கிறது.

திராட்சை ரசம் என்றதும் முகம் சுளிக்கும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. நானும் அதைத் தொட்டவனல்ல. நாம் பார்க்கப் போவது புட்டிக்குள் இருப்பதை அல்ல. புட்டியின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டையும், அதன் பின்னால் நிற்கும் மனிதர்களையும்தான்.

கியாந்திப் புட்டிகளின் கழுத்தில் ஒரு கருஞ்சேவல் படம் இருக்கும். அதற்கு ஒரு கதை சொல்கிறார்கள். பிளாரன்ஸ் நகரமும் சியனா நகரமும் நடுவில் கிடந்த இந்த மலைச்சாரலுக்காகத் தலைமுறை தலைமுறையாகச் சண்டையிட்டன. அலுத்துப் போய் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தன. ஒரு குறிப்பிட்ட நாளில் கோழி கூவியதும் இரண்டு நகரங்களிலிருந்தும் ஒவ்வொரு குதிரை வீரன் புறப்பட வேண்டியது. இருவரும் சந்திக்கும் இடமே எல்லை. சியனாக்காரர்கள் ஒரு வெள்ளைச் சேவலைத் தேர்ந்தெடுத்து வயிறு புடைக்கத் தீனி போட்டு வளர்த்தார்கள். பிளாரன்ஸ்காரர்களோ ஒரு கருஞ்சேவலைப் பிடித்து இருட்டுப் பெட்டியில் அடைத்துப் பட்டினி போட்டார்கள். குறித்த நாளன்று பெட்டியைத் திறந்ததும், விடிய வெகு நேரம் இருக்கும்போதே பசி பொறுக்காமல் கருஞ்சேவல் கூவிவிட்டது. வெள்ளைச் சேவல் உண்ட மயக்கத்தில் சாவகாசமாக எழுந்தது. பிளாரன்ஸ் வீரன் வழியெல்லாம் கடந்து, சியனாவுக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் தூரத்தில் உள்ள ஃபொன்டெருடோலியில்தான் எதிராளியைச் சந்தித்தான். ஏறக்குறைய கியாந்தி முழுவதும் பிளாரன்ஸுக்குப் போயிற்று.

இது கதை. 1203-ல் போஜிபோன்சி என்ற ஊரில் மத்தியஸ்தர்கள் உட்கார்ந்து எல்லை வகுத்தார்கள் என்பது சரித்திரம். ஆனால் மக்கள் மனத்தில் நின்றது மத்தியஸ்தர்கள் அல்ல, சேவல்தான். கியாந்தி ஊர்களின் கூட்டுச் சங்கம் அதையே முத்திரையாக வைத்துக்கொண்டது. பிளாரன்ஸ் அரண்மனையின் பெரிய மண்டபத்து மேல்விதானத்தில் வசாரி என்ற ஓவியர் அதைத் தீட்டினார். 1924-ல் ராட்டா என்ற ஊரில் 33 திராட்சை உற்பத்தியாளர்கள் கூடிச் சங்கம் அமைத்தபோதும் அந்தச் சேவலே சின்னமாயிற்று. பசித்தவன் முதலில் எழுந்திருக்கிறான்; அவன் எழுந்ததன் பலன் வேறு யாருக்கோ போகிறது. கதையில் இந்த ஒரு நீதியை நாம் குறித்துக்கொள்வோம். சேவலுக்கு அன்று தீனி கிடைத்ததா என்று கதை சொல்வதில்லை.

சியனா நகர மாளிகையில் ஒரு சுவர் முழுவதும் பரந்து கிடக்கும் ஓவியம் ஒன்று உண்டு. அம்புரோஜியோ லோரென்செட்டி என்ற சித்திரக்காரர் 1338, 1339 ஆண்டுகளில் வரைந்தது. நல்லாட்சி நடந்தால் நகரமும் நாட்டுப்புறமும் எப்படி இருக்கும் என்பது பொருள். நகர வாசலிலிருந்து சீமான்களும் சீமாட்டிகளும் குதிரையேறி ராஜாளியுடன் வேட்டைக்குப் புறப்படுகிறார்கள். எதிரே குடியானவன் ஒருவன் பன்றியை ஓட்டிக்கொண்டு நகரத்துக்கு ஏறி வருகிறான். சரிவுகளில் திராட்சைக் கொடி, கீழே கதிரடிப்பு, கழுதைமேல் மூட்டை. எல்லாவற்றுக்கும் மேலே ஆகாயத்தில் ஒரு தேவதை மிதக்கிறாள். அவள் பெயர் பாதுகாப்பு. அவள் ஒரு கையில் என்ன வைத்திருக்கிறாள் தெரியுமா? ஒரு சின்னத் தூக்குமரம். அதில் ஒருவன் தொங்குகிறான்!

இன்றைய உல்லாசப் பிரயாணியின் முதல் படம் என்று இந்தச் சித்திரத்தைத்தான் சொல்ல வேண்டும். அதே குன்று, அதே வளைந்த பாதை, அதே வேலையற்ற நிதானம். ஆனால் லோரென்செட்டி நேர்மையான ஓவியர். குதிரையில் இறங்கி வருகிறவனையும் மூட்டையோடு ஏறிப் போகிறவனையும் ஒரே பாதையில் வைத்தார். வழவழப்பான புத்தகத்தில் முதலாமவன் மட்டுமே இருக்கிறான்.

மூட்டையோடு ஏறியவன் யார்? நம் தஞ்சை ஜில்லாக்காரர்களுக்கு அதிகம் விளக்க வேண்டியதில்லை. அவன் வாரக் குடியானவன். இத்தாலியில் அந்த முறைக்கு மெத்ஸட்ரியா என்று பெயர். பாதி என்ற சொல்லிலிருந்து பிறந்தது. நிலமும் வீடும் பிரபுவினுடையவை, உழைப்பு குடும்பத்தினுடையது, விளைச்சலில் ஆளுக்குப் பாதி. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. சீமான்களும் பாதிரிமார்களும் இதை முதலாளிக்கும் உழைப்பாளிக்கும் இடையே உள்ள சகோதர உறவு என்று புகழ்ந்து நிறைய எழுதியிருக்கிறார்கள். ஒப்பந்தத்தின் உள்ளே போனால் கதை வேறு.

வீட்டில் தாத்தா, மகன்மார், மருமகள்கள், பேரன் பேத்திகள் எல்லாரும் ஒரே அடுப்பு. குடும்பத் தலைவன்தான் பிரபுவோடு பேசலாம். வீட்டுக்குள் அதிகாரம் மூத்த பெண்மணியுடையது. நிலத்தின் அளவுக்குத் தக்கபடி கைகள் இருக்க வேண்டும். குறைந்தாலும் கூடினாலும் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வரலாம். ஆகையால் வீட்டில் ஒரு கல்யாணம் என்றால் பிரபுவின் சம்மதம் வேண்டும். பண்டிகை தோறும் சேவலும் முட்டையும் காணிக்கையாகப் பெரிய வீட்டுக்குப் போக வேண்டும். வரவு செலவெல்லாம் பிரபுவின் காரியஸ்தர் ஒரு கணக்குப் புத்தகத்தில் எழுதுவார். எழுதப் படிக்கத் தெரியாதவன், தன் கடன் எவ்வளவு என்று காரியஸ்தர் வாயிலிருந்துதான் தெரிந்துகொள்வான். வருஷக் கடைசியில் பாதி விளைச்சல் போக மீதிப் பாதியில் பழைய கடனும் போய்விட்டால், மிஞ்சுவது அடுத்த வருஷத்து நம்பிக்கை.

அவர்கள் வாழ்ந்த கல் வீடுகள் அழகானவை. கீழ்த்தளத்தில் மாட்டுக் கொட்டில், மேல்தளத்தில் மனிதர்கள். குளிர்காலத்தில் கீழேயுள்ள மாடுகளின் உடம்புச் சூடு மேலே உறங்குகிறவர்களுக்குக் கணகணப்பாக இருக்கும். அந்தக் கொட்டில் சுவர்களில்தான் மாடு கட்ட வளையங்கள் பதித்திருப்பார்கள்.

இந்தச் சீமையில் 'சாவகாசமாக' வாழ்ந்தவர்களின் கதைகளும் உண்டு. 1512-ல் பிளாரன்ஸில் ஆட்சி மாறியதும் மாக்கியவெல்லி என்ற அதிகாரிக்கு உத்தியோகம் போயிற்று. மறு வருஷம் சிறை, சித்திரவதை. பிறகு நகருக்குத் தெற்கேயுள்ள சாந்த் அந்த்ரேயா கிராமத்துப் பண்ணை வீட்டில் வாசம். 1513 டிசம்பர் 10-ந் தேதி நண்பருக்கு எழுதிய கடிதத்தில் தம் தினசரி வாழ்க்கையை விவரிக்கிறார். காலையில் விறகு வெட்டும் ஆட்களோடு தகராறு, மத்தியானம் சத்திரத்தில் கசாப்புக்காரனோடும் மாவு அரைப்பவனோடும் சீட்டாட்டம், காசுக்காகக் கூச்சல். இரவில் மண் படிந்த உடையைக் களைந்து, அரசவைக்குரிய உடை தரித்து, பழைய நூல்களோடு நாலு மணி நேரம். அப்படித்தான் உலகப் புகழ்பெற்ற 'அரசன்' என்ற நூல் பிறந்தது. இன்று பணம் கொடுத்து வாங்கும் அந்த நிதானம், மாக்கியவெல்லிக்குத் தண்டனையாக விதிக்கப்பட்டது.

ஜெர்மனியின் மகாகவி கெதே, 1786 செப்டம்பர் 3-ந் தேதி அதிகாலை மூன்று மணிக்கு, ஒருவரிடமும் சொல்லாமல், பொய்ப் பெயரில் இத்தாலிக்குப் புறப்பட்டார். திராட்சை பழுக்கும் பருவம். வழியில் ஒரு பழைய கோட்டையைச் சித்திரம் வரையப்போக, ஊரார் அவரை ஒற்றன் என்று சூழ்ந்துகொண்டார்கள். பிளாரன்ஸில் அவர் தங்கியது எத்தனை நாள் என்கிறீர்கள்? மூன்று மணி நேரம்! ரோமாபுரி போய்ச் சேரும் அவசரம். இன்றைய கம்பெனியார் பார்த்தால் பிரயாணம் செய்யத் தெரியாத மனிதர் என்று வருந்துவார்கள்.

பிரபுக்களில் ஒருவரையும் பார்த்துவிடலாம். கியாந்தியின் எல்லையை 1716-ல் டஸ்கனி அரசர் மூன்றாம் கோசிமோ ஒரு பிரகடனத்தின் மூலம் வகுத்தார். இந்த ஊர் ரசம் என்று சொல்ல இந்த ஊர் நிலத்தில் விளைந்திருக்க வேண்டும் என்ற சட்டங்களில் உலகத்தில் மிகப் பழையவற்றில் ஒன்று அது. ஆனால் கியாந்தி ரசத்துக்கு இன்றைய உருவத்தைக் கொடுத்தவர் பிரோலியோ கோட்டையின் பிரபு பெத்தினோ ரிகாஸோலி. அந்தக் கோட்டை 1141 முதல் அவர் குடும்பத்துச் சொத்து. 'இரும்புப் பிரபு' என்று பட்டப் பெயர். இத்தாலி ஒன்றுபட்ட 1861-ல் கவூர் மறைந்ததும் பிரதம மந்திரியானவர். 1866-ல் மறுபடியும் பதவி வகித்தவர். 1872-ல் பைசா நகரப் பேராசிரியர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில், எந்தத் திராட்சை மணமும் வலிமையும் தருகிறது, எது அதன் கடுமையைத் தணிக்கிறது, எது இலேசாக்குகிறது என்று பல வருஷ ஆராய்ச்சியைத் தொகுத்தார். ராஜ்யத்தைக் கட்டிக்காத்த கைதான் இந்தக் கலவையையும் நிறுத்துப் பார்த்தது. தம் குடியானவர்கள் எப்படி உழவேண்டும், எப்படி ஒழுகவேண்டும் என்பதற்கும் அவர் விதிகள் எழுதி வைத்தார். அவர் கெட்டவரல்லர், கடமை தவறாதவர். ஆனால் குடியானவர்களின் கருத்தைக் கேட்கவேண்டும் என்பது அந்தக் காலத்துக் கடமைகளில் சேரவில்லை.

கியாந்திக்குத் தெற்கே வால் டோர்ச்சா என்ற பள்ளத்தாக்கு இருக்கிறது. வெளுத்த குன்றின்மேல் ஒரு பாதை பாம்புபோல் வளைந்து ஏறும். பாதை நெடுகச் சைப்பிரஸ் மரங்கள். டஸ்கனி என்றால் நாட்காட்டியில் வருவது அந்தப் படம்தான். ஆதிகாலத்துப் பாதை என்று எண்ணத் தோன்றும். உண்மையில் அது இருபதாம் நூற்றாண்டின் வேலை. 1924-ல் ஐரிஸ் என்ற ஆங்கில அமெரிக்கப் பெண்மணியும் அவர் கணவர் அந்தோனியோ ஒரிகோவும், வறண்டு பிளந்து கிடந்த லா ஃபோச்சே பண்ணையை வாங்கினார்கள். பாதை போட்டார்கள், மண்ணைத் திருத்தினார்கள், பள்ளிக்கூடமும் வைத்தியசாலையும் கட்டினார்கள். ஐம்பதுக்கு மேற்பட்ட வாரக் குடும்பங்கள் அங்கே இருந்தன.

1943 செப்டம்பர் 8-ந் தேதி இத்தாலி சரணடைந்த செய்தி வெளியாயிற்று. ஜெர்மானியப் படை நாட்டைப் பிடித்துக்கொண்டது. சிறை முகாம்களிலிருந்து தப்பிய நேச நாட்டுச் சிப்பாய்களும், படையை விட்டு ஓடிவந்த இத்தாலிய இளைஞர்களும் காடு மேடெல்லாம் அலைந்தார்கள். அடைக்கலம் கொடுத்தால் மரண தண்டனை என்று அறிவிப்பு ஒட்டப்பட்டது. அந்த இலையுதிர் காலத்தில்தான், கணக்குப் புத்தகத்தில் கடன் மட்டுமே பாக்கியிருந்த அந்தக் குடியானவர்கள், கதவு தட்டிய அந்நியர்களுக்கெல்லாம் ரொட்டியும் வைக்கோல் படுக்கையும் கொடுத்தார்கள். கொட்டிலில் மாடுகளுக்கு நடுவே ஒளித்து வைத்தார்கள். பாஷை தெரியாத பையன்களைத் தங்கள் பிள்ளைகளைப்போல் பார்த்துக்கொண்டார்கள். இதனால் வீடிழந்தவர்களும் உயிரிழந்தவர்களும் உண்டு. ஒரிகோ தம்பதிகளும் சளைக்கவில்லை. குண்டுவீச்சுக்குத் தப்பி வந்த நகரத்துக் குழந்தைகளை வளர்த்தார்கள். 1944 ஜூன் மாதம் போர்முனை வாசலுக்கே வந்தபோது, குழந்தைகள் உட்படச் சுமார் 60 பேரை நடத்திக்கொண்டு, பீரங்கி முழக்கத்துக்கு நடுவே மொன்டெபுல்சியானோ நகரம் போய்ச் சேர்ந்தார்கள். ஐரிஸ் எழுதிய நாட்குறிப்பு 1947-ல் புத்தகமாக வெளிவந்து இன்றும் படிக்கப்படுகிறது.

போர் முடிந்தது. நேற்றுவரை தலை குனிந்து நின்றவன் நிமிர்ந்து ஒரு கேள்வி கேட்டான்: "உயிரைப் பணயம் வைத்த நேரத்தில் நான் சரிநிகர் மனிதன், களத்து மேட்டில் மட்டும் ஏன் இல்லை?" வேலை நிறுத்தங்கள், செங்கொடி ஊர்வலங்கள் நடந்தன. பண்டிகைச் சேவலைப் பெரிய வீட்டுக்கு அனுப்ப மறுத்தார்கள். குடியானவன் பங்கு 50-லிருந்து 53 சதவிகிதமாயிற்று. 1964 செப்டம்பர் 15-ந் தேதிச் சட்டம் புதிய வார ஒப்பந்தங்களைத் தடை செய்து, பங்கை 58 ஆக உயர்த்தியது. 1982-ல் வந்த சட்டம் மிஞ்சியிருந்தவற்றைக் குத்தகையாக மாற்ற வழி செய்தது.

ஆனால் சட்டம் வந்து சேர்வதற்குள் குடியானவன் புறப்பட்டுவிட்டான். 1956 பிப்ரவரியில் அடித்த பனியில் ஆலிவ் மரங்கள் கருகின. பிராட்டோவிலும் பிளாரன்ஸிலும் டூரினிலும் ஆலைகள் ஆள் கேட்டன. மாதச் சம்பளம், குழாய்த் தண்ணீர், மின்சார விளக்கு, கல்யாணத்துக்கு யார் சம்மதமும் வேண்டாம். முக்கியமாகப் பெண்கள், அந்தக் கல் வீடுகளில் மருமகளாக வர மறுத்தார்கள். பத்துப் பதினைந்து வருஷத்துக்குள் குன்றுகள் காலியாயின. கூரை விழுந்த வீடுகளில் முட்புதர் வளர்ந்தது.

இன்னொரு விசித்திரம். படங்களில் கோடு போட்டதுபோல் வரிசை வரிசையாக நிற்கும் திராட்சைத் தோட்டங்கள் பெரும்பாலும் குடியானவன் போன பிறகு வந்தவை. அவன் காலத்தில் கொடிகளை மரத்தில் ஏற்றிவிட்டு, இடையில் கோதுமை விதைத்து, ஓரத்தில் ஆலிவ் வைத்திருப்பான். ஒரு குடும்பத்தின் வயிறு அந்த ஒரே நிலத்தில் நிறைய வேண்டுமே! அவன் போனதும் டிராக்டர் வந்தது, கோதுமை மறைந்தது, கொடிகள் மட்டும் வரிசையில் நின்றன. 'என்றும் மாறாத நாட்டுப்புறம்' என்று புத்தகம் புகழ்வது பெரும்பாலும் 1960-க்குப் பிறகு தோன்றியது.

பிறகு அந்த வீடுகளை இங்கிலாந்துக்காரர்களும் ஜெர்மானியர்களும் மலிவு விலைக்கு வாங்கிப் பழுது பார்த்தார்கள். கியாந்திக்கு 'கியாந்திஷயர்' என்று கேலிப் பெயரே ஏற்பட்டது. 1985-ல் பண்ணை வீடுகளில் விருந்தினரைத் தங்கவைக்கச் சட்டம் வகை செய்தது. 1999-ல் கியாந்தியின் கிரேவே நகரத் தலைவர் சாத்துர்னினி வேறு சில ஊர்களோடு சேர்ந்து 'நிதான நகரங்கள்' என்ற இயக்கத்தைத் தொடங்கினார். 2004-ல் வால் டோர்ச்சா உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. மாட்டுக் கொட்டில் படுக்கையறையாயிற்று.

இதில் தவறு என்ன என்று கேட்கலாம். தவறு என்று நான் சொல்லவில்லை. இடிந்து மண்ணாகியிருக்க வேண்டிய வீடு நிற்கிறது. ஊரில் நாலு பேருக்குப் பிழைப்பு இருக்கிறது. பழைய வாழ்க்கை போயிற்றே என்று அழுவதும் நமக்குத் தகாது. அதை வாழ்ந்தவர்களே கதவைச் சாத்திவிட்டுத் திரும்பிப் பாராமல் போனார்கள். ஆனால் அவர்கள் இருந்தார்கள் என்பதை மறைத்துவிட்டு, குன்றும் கொடியும் தாமாகவே அழகாயின என்று சொல்வது மட்டும் பொறுக்கவில்லை. அறுவடை இன்றும் தானாக நடப்பதில்லை. புரட்டாசி, ஐப்பசியில் அங்கே குலைகளைப் பறிக்கும் கைகளில் பல, அல்பேனியாவிலிருந்தும் ருமேனியாவிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் நம் தெற்காசியாவிலிருந்தும் போனவை. விருந்தினர் கூடையில் ஒரு குலையைப் பறித்துப் படம் எடுத்துக்கொண்டு நிழலுக்குப் போன பிறகும், அந்தக் கைகள் வெயிலில் நிற்கின்றன.

மறு வாரம் நண்பர் வந்தபோது இதையெல்லாம் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டார். அது அவருக்கு வழக்கமில்லை. பிறகு புத்தகத்தைப் புரட்டி அந்தப் படுக்கையறைப் படத்தை எடுத்து, வளையத்தின்மேல் விரலை வைத்தார்.

"என் பாட்டனார் வீட்டுத் தொழுவத்திலும் இப்படி ஒன்று இருந்தது. மாடு கட்டுகிற பையன் பெயர்கூட எனக்கு மறந்துவிட்டது" என்றார்.

அன்று அவர் கடைசிப் பக்கத்துத் தொகையைப் பற்றிப் பேசவே இல்லை.